டர்போவா, சாதாரண வேகமா? இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் எதில் சேர்வது

கேள்வி: வேலை முடிந்து ராத்திரி இரண்டு மணி நேரம்தான் ஆன்லைன் போக்கர் ஆட முடிகிறது. சாதாரண டூர்னமென்டில் சேர்ந்தால் பாதியில் தூக்கம் வந்து, கண்டபடி ஆல் இன் போட்டு (இருக்கும் சிப்ஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வைத்து) வெளியேறிவிடுகிறேன். கட்டாயப் பந்தயம் வேகமாக ஏறும் டர்போ டூர்னமென்டில் நல்ல சீட்டு வருவதற்குள் சிப்ஸ் கரைந்துவிடுகிறது. எதில் ஆடுவது?

பதில்: முதலில் அந்தத் தூக்க விஷயம். டூர்னமென்டில் பெரிய பரிசெல்லாம் கடைசிச் சில இடங்களில்தான் குவிந்திருக்கும். நூற்றுக்கணக்கானவர்கள் சேரும் சாதாரண வேக டூர்னமென்ட் முடிய நாலைந்து மணி நேரம் ஆகலாம். அதில் இரண்டு மணி நேரத்தோடு உட்கார்ந்தால், முழுக் கட்டணமும் கட்டிவிட்டு பணம் இருக்கும் பகுதிக்குப் போகாமலே எழுந்து வருகிறீர்கள். உங்கள் ஆட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது நஷ்டம்தான்.

சரி, டர்போவில் ஏன் சிப்ஸ் கரைகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 சிப்ஸ், பிளைண்ட் 25/50 (ஒவ்வொரு ஹேண்டிலும், அதாவது ஒவ்வொரு சீட்டுச் சுற்றிலும், இருவர் வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம்; பெரியது பிக் பிளைண்ட்), அதாவது கையில் 100 பிக் பிளைண்ட். பிளைண்ட் லெவல் லெவலாக (படிப்படியாக) ஏறி, ஆறாவது லெவலில் 200/400 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்; ஒரு சிப்கூட இழக்காமல் உட்கார்ந்திருந்தாலும் உங்களிடம் 12.5 பிக் பிளைண்ட்தான் மிஞ்சும். 12 நிமிட லெவல் என்றால் அந்த இடத்துக்கு வர ஒரு மணி நேரம், சுமார் 60 ஹேண்ட். 5 நிமிட லெவலில் 25 நிமிடத்திலேயே வந்துவிடும், அதற்குள் 25 ஹேண்ட் பார்த்திருந்தால் அதிகம். ஜாக் ஜோடி அல்லது அதற்கு மேற்பட்ட ஜோடி, இல்லாவிட்டால் ஏஸ்-கிங், இவற்றில் ஏதாவது ஒன்று சராசரியாக 33 ஹேண்டுக்கு ஒரு தடவைதான் வரும். ஆக, அந்த 25 ஹேண்டில் ஒன்றுகூட வராமல் போக கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று நினைக்காதீர்கள், டர்போவின் அமைப்பே அப்படி.

அதனால் டர்போவில் நல்ல சீட்டுக்குக் காத்திருப்பது என்ற பழக்கத்தையே விட வேண்டும். 10 பிக் பிளைண்ட் இருக்கிறது, நீங்கள் பட்டனில் (டீலர் இடம், உங்களுக்குப் பின் பிளைண்ட் வைத்த இருவர் மட்டும்), முன்னால் எல்லோரும் ஃபோல்ட் (விலகல்), கையில் சூட் சேராத ஏஸ்-எட்டு. சாதாரண டூர்னமென்டின் தொடக்கத்தில் இதே சீட்டை அளவாக ரெய்ஸ் செய்து (பந்தயத்தை ஏற்றி) ஃப்ளாப், அதாவது மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு, பார்த்து ஆடலாம். இங்கே தயங்காமல் ஆல் இன். எந்த இடத்தில், எத்தனை பிக் பிளைண்டோடு, எந்தச் சீட்டோடு ஆல் இன் போடலாம் என்பதை மனப்பாடமாக வைத்திருப்பவர்தான் டர்போவில் தாக்குப்பிடிப்பார். ஃப்ளாப்புக்கு அப்புறம் எதிராளியைப் படித்து ஆடும் திறமைக்கு அங்கே இடம் குறைவு, அதைக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் சாதாரண வேகம்தான் பள்ளிக்கூடம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. சாதாரண டூர்னமென்டில் தாமதமாகச் சேர்ந்து 20 பிக் பிளைண்டோடு உட்கார்ந்தால், நீங்கள் ஆடுவது டர்போ மாதிரிதான். நேரம் மிச்சம் என்று நினைத்து இதைச் செய்யாதீர்கள்.

டர்போவில் ஏற்ற இறக்கமும் அதிகம். சாதாரண வேகத்துக்கு 100 டூர்னமென்டின் நுழைவுக் கட்டணம் ஒதுக்குவீர்கள் என்றால் டர்போவுக்கு 200 டூர்னமென்டின் கட்டணம் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முழுக்கப் போனாலும் வீட்டுச் செலவு பாதிக்காத பணமாக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் இரண்டு மூன்று டர்போ ஆடிவிடலாம் என்பதால் தளத்துக்குக் கட்டும் கமிஷனும் அத்தனை தடவை போகும், அதையும் கணக்கில் சேருங்கள்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் வேலை நாட்களில் ஒன்பது பேர் ஆடும் ஒற்றை மேசை டர்போ மட்டும் ஆடுவேன். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், கடைசி மூன்று பேர் வரை விழிப்போடு ஆடலாம். லீவு நாளில், மறுநாள் காலை வேலை இல்லாதபோது, சாதாரண வேகத்தில் ஒன்றே ஒன்று, முதல் ஹேண்டிலிருந்து. பணம் கட்டும் முன் லாபியில் (டூர்னமென்ட் விவரம் காட்டும் பக்கத்தில்) பிளைண்ட் அட்டவணையைத் திறந்து, லெவல் எத்தனை நிமிடம், ஆறாவது லெவலில் உங்கள் தொடக்கச் சிப்ஸ் எத்தனை பிக் பிளைண்ட் என்று மட்டும் பாருங்கள். டர்போ என்று எழுதாத சில டூர்னமென்ட்கூட 6 நிமிட லெவலோடு இருக்கும்.