வாய்க்கு ருசியான புரோட்டீன் பானமும் கொறிப்பும் தோட்டப் பட்டணத்தில் கிடைக்குமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருப்பதாகவும், ஜிம்முக்காக வாங்கிய புரோட்டீன் பவுடரை வாயில் வைக்க முடியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஈப்போவரை போய்த் தேட வேண்டியதில்லை. வேண்டியதெல்லாம் உங்கள் ஊர் மளிகைக் கடையிலும் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையிலுமே இருக்கிறது.

முதலில், வாங்கிய டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். பலரும் வே (பாலிலிருந்து எடுக்கும் புரதம்) பவுடரை நேராகச் சுடுதண்ணீரில் கொட்டுகிறார்கள். ஏறக்குறைய 70 டிகிரிக்கு மேல் அந்தப் புரதம் முட்டை வேகிற மாதிரி இறுகிக் கட்டிகட்டியாகிவிடும். நான்கு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் பசையாகக் குழைத்துவிட்டு, மீதித் தண்ணீரையோ பாலையோ கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சூடாக வேண்டுமென்றால் வெதுவெதுப்பு போதும். குடித்த பிறகு நாக்கில் தங்கும் கசப்பு பெரும்பாலும் சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்ற இனிப்பூட்டிகளால் வருவது. ஒரு சிட்டிகை உப்பு அதை நன்றாகவே அடக்கும். ஐஸ் போட்டால் இன்னும் குறையும். அடுத்த முறை இனிப்பும் வாசனையும் சேர்க்காத பவுடர் வாங்கி, கொக்கோ, ஏலக்காய், கொஞ்சம் குலா மலாக்கா (தென்னை வெல்லம்) என நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். குடித்ததும் வயிறு உப்பினால் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் காரணமாக இருக்கலாம். லாக்டோஸ் மிகக் குறைவாக உள்ள ஐசோலேட் வகைக்கு மாறிப் பாருங்கள்.

பவுடரே வேண்டாமென்றால்: பொட்டுக்கடலை 30 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 15 கிராம், கொழுப்பு நீக்கிய பால்மாவு 20 கிராம். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 17 கிராம் புரதம். பொட்டுக்கடலையை வெறும் சட்டியில் மிதமான தீயில் மூன்று நிமிடம் புரட்டி, ஆறிய பிறகே அரைத்துச் சலிக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் மாவில் ஈரம் கோத்துக்கொள்ளும். சலிக்காவிட்டால் தொண்டையில் மணல் போல் நெருடும். நிலக்கடலையைத் தனியாக, விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். 250 மில்லி குளிர்ந்த தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும், வைத்தால் கெட்டியாகும்.

சோயாப் பால் வீட்டில் செய்தால் பச்சை வாடை வருகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஊறிய சோயாவைக் குளிர்ந்த தண்ணீரில் அரைக்கும்போது அதிலுள்ள ஒரு என்சைம் எண்ணெயோடு சேர்ந்து அந்த வாடையை உண்டாக்குகிறது. அதனால் 100 கிராம் சோயாவை எட்டு மணி நேரம் ஊறவைத்து, கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்து, சூடான தண்ணீர் விட்டே அரையுங்கள். மொத்தம் 800 மில்லி தண்ணீர். வடிகட்டிக் காய்ச்சும்போது முதலில் குபுக்கென்று நுரை எழும். அது கொதி அல்ல, பொய்க்கொதி. தீயைக் குறைத்து, கிளறியபடி இன்னும் 15 நிமிடம் காய்ச்ச வேண்டும். அரைவேக்காட்டு சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் மிஞ்சி நிற்கும். வாசனைக்குப் போடும் பாண்டான் இலை ஒன்றை முடிச்சிட்டுப் போட்டால் மணம் தூக்கும். ஒரு பெரிய குவளையில் 8 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். பசார் மாலாம் சோயாப் பாலும் நல்லதுதான், சர்க்கரை குறைவாகக் கேட்டு வாங்குங்கள்.

கொறிக்க, கொண்டைக்கடலை. இரவே ஊறவைத்து, உடையாமல் வேகவைத்து, துணியில் பரப்பி ஒரு மணி நேரமாவது காயவிடுங்கள். இதை அவசரப்பட்டுத் தாண்டினால் வெளியே மொறுமொறு, உள்ளே சவசவ. ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் 20 நிமிடம், நடுவில் இரண்டு முறை குலுக்க வேண்டும். மிளகாய்த்தூளை முன்பே தூவினால் கருகிக் கசக்கும். எடுத்த சூட்டில், கொஞ்சம் எண்ணெயோடு பிரட்டுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் நமுத்துப்போனால் ஐந்து நிமிடம் திரும்பச் சூடேற்றினால் சரியாகிவிடும். கடைக் கச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு வகை நொறுக்குத்தீனி) வாங்குவதானால் முறுக்கை விட்டுவிட்டுக் கடலை வகையை மட்டும் கேளுங்கள். முறுக்கில் பெரும்பகுதி மாவும் எண்ணெயும்தான்.

சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய தெம்பேயை நம்மவர்கள் ஏன் இன்னும் ஒதுக்குகிறார்கள் என்பது வருத்தமாக இருக்கிறது. 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம்! கசந்தால் பத்து நிமிடம் ஆவியில் வைத்துவிட்டு, மெல்லியதாக நறுக்கி, புளி, உப்பு, பூண்டு, மல்லித்தூள் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் ஒற்றிப் பொரியுங்கள். மேலே கறுப்புப் புள்ளி இருப்பது கெடுதல் இல்லை. அமோனியா நெடி தூக்கலாக அடித்தால் மட்டும் வேண்டாம்.

“தாவரப் புரதம் முழுமையற்றது” என்று இந்தப் பதிலின் கீழே ஒருவர் எழுத வருவார். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் பருப்பில் குறைகிற மெத்தியோனின் சோற்றில் இருக்கிறது, சோற்றில் குறைகிற லைசின் பருப்பில் இருக்கிறது. ஒரே நாளுக்குள் இரண்டையும் சாப்பிட்டால் போதும், ஒரே வாயில் வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தப் பதில் இல்லை. அவர்கள் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சின்ன ஊர்களில் உறவு முறை சொல்லி வீட்டுக்கு வந்து ‘ஷேக்’ டப்பா விற்பவர்களிடம், மாமா அத்தை என்று பார்த்து வாயடைத்து நிற்காதீர்கள். தோட்டச் சம்பளத்தில் வாழும் குடும்பங்களின் பணம் அது. டப்பாவைத் திருப்பி 100 கிராமுக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு சர்க்கரை என்று பாருங்கள். பரிமாறும் அளவுக்கான எண்ணை நம்பாதீர்கள், அதை ஆளாளுக்கு ஒரு மாதிரி போடுகிறார்கள். புரதத்தைவிடச் சர்க்கரை கூடுதலாக இருந்தால், “வேண்டாம் அத்தை” என்று நேராகவே சொல்லிவிடுங்கள்.