ராபிகளுக்குத் தெரியாமல் போனதா?

கேள்வி: ஹிட்லர் காலத்து யூத இன அழிப்பை யூத மதத் தலைவர்களான ராபிகள் முன்கூட்டியே கணித்திருக்க முடியாதா?

பதில்: ஆபத்தைப் பலர் உணர்ந்தார்கள், அழிப்பை அல்ல. முதல் உலகப் போரில் போலந்துக்குள் வந்த ஜெர்மன் படை, ரஷ்ய ஜார் மன்னர் ஆட்சிக்குப் பரவாயில்லை என்ற பழைய நினைவு கண்ணை மறைத்தது. கூட்டக் கொலைகள் பெருமளவில் தொடங்கியதே 1941 ஜூனில், ஜெர்மனி சோவியத் யூனியன்மீது படையெடுத்ததோடுதான்.

சரி, தெரிந்திருந்தாலும் எங்கே போவது? 1938-ல் யூத அகதிகளைப் பற்றிப் பேச பிரான்சின் எவியானில் கூடிய 32 நாடுகளில் பெரும்பாலானவை கையை விரித்தன. 1939-ல் பிரிட்டன், தன் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்துக்கு ஐந்தாண்டில் 75,000 யூதர்கள்தான் வரலாம் என்று வரம்பு கட்டியது. போலந்தில் மட்டும் யூதர்கள் 30 லட்சத்துக்கும் மேல்!

அமெரிக்கா போனால் மதப்பற்று போய்விடும் என்று சில ராபிகள் தடுத்தார்கள். அவர்கள்மீது சொல்லப்படும் அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் அங்கே போயிருந்த ராபி எல்கானன் வாசர்மன் 1939-ல் தன் மாணவர்களிடமே திரும்பினார். 1941 ஜூலையில் லிதுவேனியாவின் கவுனஸில் கொல்லப்பட்டார்.