நோட்டர் டேம் 1956: எட்டுத் தோல்விகளும் ஒரு ஹைஸ்மன் விருதும்

“தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணியின் ஆட்டக்காரருக்கு அந்த ஆண்டின் மிகப் பெரிய விருது கிடைத்ததுண்டா? கிடைத்திருந்தால் அது நியாயமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரே ஒரு முறை அப்படி நடந்திருக்கிறது. 1956இல் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றது. அதே ஆண்டு, கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் ஹைஸ்மன் விருது அந்த அணியின் பால் ஹார்னங்குக்குச் சென்றது. (இது நம்மூர்க் கால்பந்து அன்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது.)

அந்தத் தோல்வியின் வேர் சில ஆண்டுகள் முன்னரே ஊன்றப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம். நான்கு தேசியப் பட்டங்களை வென்று தந்த பயிற்சியாளர் ஃபிராங்க் லீஹி, உடல்நலம் குன்றி 1954 தொடக்கத்தில் விலகினார். படிப்பின் தரத்தை உயர்த்துவதில் முனைப்பாக இருந்த நிர்வாகம் விளையாட்டு உதவித்தொகைகளையும் குறைத்திருந்தது. லீஹியின் இடத்துக்கு வந்த டெர்ரி பிரென்னனுக்கு அப்போது வயது 25. லீஹி சேர்த்து வைத்திருந்த ஆட்டக்காரர்கள் இருந்தவரை குறையொன்றும் தெரியவில்லை. முதல் ஆண்டில் ஒரு தோல்வி, அடுத்த ஆண்டில் இரண்டு. அவர்கள் படிப்பை முடித்து வெளியேறியதும், அனுபவமில்லாத இளையவர்களைக் களமிறக்குவதைத் தவிர பிரென்னனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

பிறகு நடந்ததை எண்களே சொல்லும். மிச்சிகன் ஸ்டேட் 47–14, ஓக்லஹாமா 40–0, நேவி 33–7, அயோவா 48–8. பருவம் முழுவதும் எடுத்தது 130 புள்ளிகள், கொடுத்தது 289. இந்தியானாவையும் வட கரோலினாவையும் மட்டுமே வெல்ல முடிந்தது. 1933க்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் கண்ட முதல் தோல்விப் பருவம் இதுதான்.

இவ்வளவுக்கும் நடுவில் ஹார்னங் எப்படித் தனித்துத் தெரிந்தார் என்பதற்கு அன்றைய விதியும் ஒரு காரணம். ஆள் மாற்றுவதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால், தாக்கி ஆடுபவரே தடுத்தும் ஆட வேண்டியிருந்தது. குவார்ட்டர்பேக்கான (தாக்குதலை வழிநடத்துபவர்) அவர் பந்தை எறிவதிலும் ஏந்தி ஓடுவதிலும் புள்ளி எடுப்பதிலும் அணியில் முதலிடம் பெற்றார். எதிராளிகளை மடக்கிச் சாய்த்ததிலோ இரண்டாமிடம். அதே வேளையில், அவர் எறிந்தவற்றில் டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) ஆனவை 3 என்றால், எதிரணியின் கையில் சிக்கியவை 13. அவருடைய ரசிகர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

நோட்டர் டேமை ஒட்டிய சவுத் பெண்ட் நகரில் நான் குடியிருந்தபோது, வீட்டுக்காரப் பெரியவர் ஒருநாள் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். கட்டைவிரல் அடிபட்டவன் பந்தை எப்படி எறிவான் என்று கேட்டபடியே, சமையல் மேடையில் கிடந்த பெரிய உருளைக்கிழங்கை எடுத்து, கட்டைவிரலை மடக்கிக்கொண்டு மற்ற நான்கு விரல்களால் பிடித்துக் காட்ட முயன்றார். அது நழுவித் தரையில் உருண்டது. அப்படியொரு காயத்தோடுதான் ஹார்னங் தெற்குக் கலிபோர்னியா அணிக்கு எதிராக இறங்கினார். எறிய முடியாவிட்டால் ஓடலாம் அல்லவா? எதிரணி உதைத்து அனுப்பிய பந்தை ஏந்தி 95 கஜம் ஓடி டச்டவுன் எடுத்தார். ஆனாலும் அணி 28–20 என்று தோற்றது.

இனி நியாயத்துக்கு வருகிறேன். விருதுக்கான வாக்கெடுப்பில் ஹார்னங்குக்கு 1,066 புள்ளிகள். டென்னசியின் ஜானி மேஜர்ஸுக்கு 994. முதலிட வாக்குகளை மட்டும் எண்ணினால் ஓக்லஹாமாவின் டாமி மெக்டொனால்டுதான் முன்னணியில் இருந்தார். ஆனால் அவருடைய அணித்தோழர் ஜெர்ரி டப்ஸும் விருதுப் போட்டியில் இருந்ததால் அந்த அணிக்கான ஆதரவு இரண்டாகப் பிரிந்தது. என்னால் ஏற்க முடியாதது ஐந்தாமிடம்தான். கோல்கேட்டுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் தனியொருவராக 43 புள்ளிகள் எடுத்த சிராக்யூஸின் ஜிம் பிரௌனை அங்கே தள்ளியிருந்தார்கள். அதுவரை கறுப்பின வீரர் எவரும் அந்த விருதைப் பெற்றதில்லை. 1961இல் அதே சிராக்யூஸின் எர்னி டேவிஸ்தான் முதலில் பெற்றார். ஹார்னங் தகுதியற்றவர் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் என் வாக்கு பிரௌனுக்கே.

பிரென்னன் 1956 முடிந்ததும் பதவி பறிபோகாமல் தப்பினார். மறு ஆண்டு நவம்பர் 16 அன்று, தொடர்ந்து 47 ஆட்டங்களை வென்றிருந்த ஓக்லஹாமாவை அதன் சொந்தத் திடலிலேயே 7–0 என்று வீழ்த்தியது அவருடைய அணி. ஒரே டச்டவுன், கடைசிக் கால் பகுதியில் டிக் லிஞ்ச் எடுத்தது. 40–0 என்ற அடியை வாங்கியவர்களில் பலர் அந்த அணியில் இருந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு ஆறு வெற்றி, நான்கு தோல்வி என்று முடிந்தபோது, 1958 கிறிஸ்துமஸுக்குச் சில நாள்கள் முன்பு, பிரென்னனைப் பணியிலிருந்து நீக்கினார்கள்.