புதிய கிருமி பரவுகிறது: அம்மாவுக்குப் பழைய தடுப்பூசி போதுமா?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் எங்களுடன் வசிக்கும் அம்மாவுக்கு 72 வயது, நீரிழிவு உண்டு, கொழுப்புக்கும் மாத்திரை எடுக்கிறார். கொவிட்-19 தடுப்பூசியைச் சென்ற ஆண்டு போட்டுக்கொண்டார். புதிய உருமாறிய கிருமி பரவுவதாகச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் திருமணத்துக்காகச் சென்னை செல்கிறோம். பழைய ஊசி காக்குமா, அல்லது இந்தக் கிருமிக்கென்றே புதிய ஊசி வரும்வரை பொறுத்திருக்கலாமா?

பதில்: பொறுத்திருக்க வேண்டாம். உங்கள் தாயாரைப் பொறுத்தவரை, பரவும் கிருமியின் பெயரைவிட அவர் கடைசியாக ஊசி போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்பதே முக்கியம்.

கிருமி பெருகும்போது அதன் மரபணுப் படியெடுப்பில் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலானவை வீணாய்ப் போகும்; சில பிழைகளோ கிருமிக்குக் கைகொடுக்கும். டெல்டா வகை மூக்கிலும் தொண்டையிலும் மிகுதியாகப் பெருகிப் பரவியது என்றால், ஓமிக்ரான் வழிவந்தவை பெரும்பாலும் நம் நோயெதிர்ப்புப் பொருள்களின் பிடியிலிருந்து நழுவியே பரவுகின்றன. 2023 இறுதியில் இங்கே அலையெழுப்பிய ஜேஎன்.1 என்ற ஓமிக்ரான் வழிவந்த வகை, தன் தாய்வகையான பிஏ.2.86-இலிருந்து, கிருமி உடல் அணுக்களைப் பற்றிக்கொள்ள உதவும் கூர்ப்புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தால்தான் வேறுபட்டது.

தொற்று கூடும்போதெல்லாம் கிருமி கொடியதாகிவிட்டது என்று முடிவுகட்டுவது சரியன்று. 2025 ஏப்ரல் 27 முதல் மே 3 வரையிலான வாரத்தில் சிங்கப்பூரில் ஏறத்தாழ 14,200 பேருக்குத் தொற்று ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அப்போது அதிகம் காணப்பட்ட எல்எஃப்.7, என்பி.1.8.1 இரண்டும் ஜேஎன்.1 வழிவந்தவை, அவை முந்தியவற்றைவிடக் கடுமையானவை என்பதற்கு அறிகுறி இல்லை என்றும், மக்களின் எதிர்ப்புச்சக்தி குறைந்துவந்ததும் காரணமாகலாம் என்றும் அதிகாரிகள் விளக்கினர்.

தடுப்பூசி தரும் பாதுகாப்பு ஒன்றல்ல, இரண்டு. இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள்கள், கிருமி நம் உடல் அணுக்களுக்குள் நுழைவதையே தடுக்கும். ஆனால் அவை சில மாதங்களில் குறைந்துவிடும், கூர்ப்புரதம் மாறினால் அதை நன்றாகப் பற்றவும் இயலாது. 'ஊசி போட்டும் தொற்றிவிட்டதே' என்று பலர் சலித்துக்கொள்வது இதனால்தான். இரண்டாவது பாதுகாப்பான டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்களோ கிருமிப் புரதத்தின் பல துண்டுகளை நினைவில் வைத்திருப்பதால், இரண்டு மூன்று இடங்கள் மாறினாலும் அடையாளம் கண்டு, தொற்றிய அணுக்களை அழிக்கின்றன. அவை செயலில் இறங்கச் சில நாள்கள் ஆகும். நோய் முற்றுவதற்கு முன் இளையவர்களுக்கு அந்த அவகாசம் பெரும்பாலும் கிடைக்கிறது. முதுமையும் நீரிழிவும் சேர்ந்தவர்களின் உடல் மெதுவாகவே விழித்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் நினைவூட்டும் ஊசி அவர்களுக்குத் தேவைப்படுவது அதனால்தான்.

இங்கு 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கடைசி ஊசிக்கு ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், குறைந்தது 5 மாத இடைவெளி விட்டு, அடுத்த ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. 'சென்ற ஆண்டு' என்கிறீர்கள். அது ஜனவரியா டிசம்பரா என்பதை ஹெல்த்ஹப் செயலியில் பாருங்கள். இடைவெளி போதுமென்றால், ஊசி பலன்தர ஏறத்தாழ 2 வாரமாகும் என்பதால், பயணத்துக்கு முன்பே பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு செய்யுங்கள். கிடைக்கும் ஊசி தற்போதைய கிருமிக்கு அச்சொட்டாகப் பொருந்தாவிட்டாலும், கடும் நோயைத் தடுப்பதில் அதற்கு நல்ல பங்குண்டு.

சென்னையில் காய்ச்சல் கண்டால், முதல் நாள் ஏஆர்டி எனும் விரைவுச் சோதனையில் தொற்றில்லை என வந்தாலும் மறுநாள் மீண்டும் செய்யுங்கள். கொவிட்-19க்கான பேக்ஸ்லோவிட் மாத்திரை தரப்பட்டால், அதை அறிகுறி தொடங்கிய 5 நாள்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும். கொழுப்புக்காகத் தரப்படும் சிம்வாஸ்டாட்டினுடன் அதைச் சேர்த்து எடுக்கக்கூடாது. ஆகவே அம்மாவின் மருந்துப் பட்டியலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எந்த மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்பதைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.