எலுமிச்சம்பழத்தில் டார்ச் பல்பு ஏன் எரியவில்லை?

கேள்வி: எட்டாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது, மூன்று எலுமிச்சம்பழங்களில் ஜிஐ ஆணியும் (துத்தநாகம் பூசிய இரும்பாணி) செம்புக் கம்பியும் குத்தி, தொடராக இணைத்து டார்ச் பல்பைப் பொருத்தினேன். மல்டிமீட்டர் 2.5 வோல்ட் காட்டுகிறது, பல்போ துளிகூட எரியவில்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் இணைப்பு சரிதான். பல்புதான் இந்த வேலைக்கு ஆகாது. சாதாரண டார்ச் பல்பு 2.5 வோல்ட்டில் சுமார் 300 மில்லி ஆம்பியர் கேட்கும். ஒரு பழம் தருவது ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான், பெரும்பாலும் அதற்கும் குறைவு. காரணம், சாற்றின் உள்மின்தடை மிக அதிகம். பல்பு மாட்டியிருக்கும்போதே அதன் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள், 2.5 வோல்ட் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கும். இதை மாணவர்களையே அளக்கச் சொல்லுங்கள். மின்னழுத்தம் வேறு, மின்னோட்டம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை பள்ளி அளவில் அரிது.

பல்புக்குப் பதில் சிவப்பு எல்இடி போடுங்கள். ஏறக்குறைய 1.8 வோல்ட்டும் அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமும் இருந்தாலே மங்கலாக ஒளிரும். வெள்ளை, நீல எல்இடிகளுக்கு 3 வோல்ட் வரை வேண்டும், அவற்றைத் தவிருங்கள். நான்கு கலங்கள் வையுங்கள் (ஓர் ஆணியும் ஒரு செம்புக் கம்பியும் குத்திய ஒரு துண்டுதான் ஒரு கலம்). இரண்டு பழங்களைப் பாதியாக வெட்டினாலே நான்கு கலம் கிடைக்கும். ஒரே துண்டில் இரண்டு ஜோடி குத்தினால் மின்னழுத்தம் அதிகரிக்காது, சாறு அவற்றை உள்ளேயே இணைத்துவிடும்.

வெட்டுமுன் பழத்தை மேசையில் அழுத்தி உருட்டுங்கள், உள்சுளைகள் உடைந்து சாறு கலக்கும். ஆணியும் கம்பியும் ஒன்றையொன்று தொடாமல் 2 செ.மீ. இடைவெளியில், ஆழமாக இறங்க வேண்டும். முதல் துண்டின் ஆணியை அடுத்த துண்டின் செம்போடு இணைத்துக்கொண்டே போங்கள். தனியாக மிஞ்சும் செம்பு முனைதான் நேர்முனை, எல்இடியின் நீளக்கால் அங்கே. ஒளிராவிட்டால் கால்களை மாற்றிப் பாருங்கள், கெட்டுப்போகாது. ஜன்னலைச் சாத்திவிட்டு, கையால் மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு கலம் 0.9 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 0.5 வோல்ட்டே வந்தால் அது வெறும் இரும்பாணியாக இருக்கலாம். காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஜிஐ ஆணிக்குள்ளும் இரும்புதான். மங்கிய சாம்பல் நிறப் பூச்சைப் பார்த்து வாங்குங்கள். பழைய மோட்டார் சுருளிலிருந்து எடுத்த கம்பி என்றால் அதன் மேல் வார்னிஷ் இருக்கும், உப்புத்தாளால் பளபளவென்று தேய்க்காமல் மின்சாரம் பாயாது.

பழத்துக்குள் மின்சாரம் இருக்கிறது என்ற எண்ணம் மாணவர்களிடம் வேரூன்ற விடாதீர்கள். ஒரு துண்டில் இரண்டு செம்புக் கம்பிகளையே குத்தி அளக்கச் சொல்லுங்கள், ஏறக்குறைய பூஜ்யம்தான் வரும். ஆற்றல் வருவது துத்தநாகம் கரைவதால். சாறு அயனிகள் நகர வழிவிடுகிறது.

நாற்பது பேர் வகுப்புக்குப் பழம் செலவு கட்டாது. குழுவுக்கு ஒரு ஐஸ் ட்ரே, நான்கு குழிகளில் வினிகர் போதும். ஆணித் தலையில் செம்புக் கம்பியைச் சுற்றி, ஆணி ஒரு குழியிலும் கம்பியின் வால் அடுத்த குழியிலும் இறங்குமாறு வையுங்கள். சுற்றிய பகுதி வினிகரில் நனையக் கூடாது. பயன்படுத்திய பழத்தில் துத்தநாகம் கரைந்திருக்கும், யாரும் ஜூஸ் பிழிந்துவிடாமல் வகுப்பு முடிந்ததும் குப்பையில் போட்டுவிடுங்கள்.