கிரயமா, குத்தகையா? முதல் காதல் நாவலுக்கு வந்த ஒப்பந்தம்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஒரு கைப்பேசிச் செயலியில் புனைபெயரில் காதல் தொடர்கதைகள் எழுதுகிறேன். இரண்டு முடிந்துவிட்டன, மூன்றாவது முடியும் தறுவாயில் இருக்கிறது. முதல் கதையை நூலாக்கித் தருவதாக ஒரு பதிப்பகம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. நான் 25,000 ரூபாய் கட்ட வேண்டும். 200 பிரதி அச்சிட்டு 250 ரூபாய்க்கு விற்று, எனக்கு 10 சதவீதம் ராயல்டி தருவார்களாம். கதை நடக்கும் இடத்தைக் கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு மாற்றவும் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? புனைபெயரில் எழுதியதற்கு எனக்கு உரிமை உண்டா? இதற்கிடையில் இரண்டாவது கதையின் பி.டி.எஃப். டெலிகிராமில் சுற்றுகிறது. கிண்டிலில் போடு என்கிறாள் தோழி. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் பேனாவை மூடி வையுங்கள். நீங்கள் அனுப்பிய ஆறு பக்க ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்தரைப் பக்கம் சாதுவானது. நான்காம் பிரிவில் மூன்றே வரி: படைப்பின் பதிப்புரிமை முழுவதையும், எல்லா வடிவங்களிலும், எல்லா மொழிகளிலும், உரிமைக்காலம் முடியும்வரை பதிப்பகத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். உங்கள் ஊரில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் யாரிடமாவது இதைப் படித்துக் காட்டுங்கள். "இது குத்தகை இல்லையே, கிரயமாச்சே" என்று உடனே சொல்லிவிடுவார். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கிரயத்தில் விற்கிறவரே கையிலிருந்து 25,000 ரூபாயும் கொடுக்கிறார்.

நாவலுக்குப் பட்டா வாங்க எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. எழுதிய அன்றே அது உங்கள் சொத்து. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உங்கள் ஆயுள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை இருக்கும். புனைபெயரால் உரிமை போய்விடாது. கணக்கிடும் முறைதான் மாறும். புனைபெயரில் வந்த நூலுக்கு வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டு. அதற்குள் எழுதியவர் இன்னார் என்று வெளிப்படுத்திவிட்டால் பழையபடி ஆயுளும் 60 ஆண்டும். அட்டையில் புனைபெயர் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் மட்டும் இயற்பெயரை எழுதி, "இன்ன புனைபெயரில் எழுதுபவர்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கும் பான் எண்ணும் இயற்பெயரில் இருப்பதால் எப்படியும் அது தேவைப்படும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் மாத நாவல் 2003-இல் வந்தது. குன்னூருக்குத் தபாலில் ஒரு வவுச்சர் அனுப்பியிருந்தார்கள். மஞ்சள் தாள், கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட ஒரு சிறு கட்டம், மேலே "கதைக்கான தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த வரி. இரண்டாயிரம் ரூபாய். ஸ்டாம்பின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாகக் கையெழுத்துப் போட்டபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பிறகு அதே கதை வேறு அட்டையில், இன்னொரு கதையோடு சேர்த்து, மேட்டுப்பாளையம் பஸ் நிலையக் கடையில் தொங்கியதைப் பார்த்தேன். சில்லறை கொடுத்து நானே ஒன்று வாங்கி வந்தேன்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு வழக்கறிஞர் அந்த வவுச்சரின் நகலைப் பார்த்துவிட்டு, "இதில் எத்தனை ஆண்டு என்று எங்கே போட்டிருக்கிறது?" என்று கேட்டார். போடவே இல்லை. உரிமையை மாற்றித் தரும் ஆவணத்தில் காலம் சொல்லப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றுதான் கொள்ள வேண்டும் என்கிறது சட்டத்தின் 19-ஆம் பிரிவு. எந்தப் பரப்பில் என்று சொல்லப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அதுவும் காலாவதி. இவற்றைச் சுட்டி ஒரு பதிவுத் தபால் அனுப்பினேன். மறுபதிப்பு நின்றது. இன்று அந்தக் கதை என் கையில் இருக்கிறது. என்னைக் காப்பாற்றியது அந்த மஞ்சள் தாளின் அலட்சியம். உங்கள் ஒப்பந்தத்தை எழுதியவர் அப்படி அலட்சியமானவர் அல்லர். "உரிமைக்காலம் முடியும்வரை" என்று கவனமாகப் போட்டிருக்கிறார். ஐந்தாண்டு விதி அங்கே உங்களுக்கு உதவாது.

ஆகவே நான்காம் பிரிவைக் குத்தகையாக மாற்றச் சொல்லுங்கள். தமிழில், அச்சு நூலாக மட்டும், மூன்று ஆண்டுக்கு வெளியிடும் உரிமம். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், இணையத் தொடர் அனைத்தும் ஆசிரியரிடமே இருக்கும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். காதல் கதைக்கு ஒலி வடிவில் காது கொடுப்பவர்கள் ஏராளம். அதை இலவச இணைப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு, பிரதி தீர்ந்து ஆறு மாதத்துக்குள் மறுபதிப்பு வராவிட்டால் உரிமம் ரத்து என்ற இரண்டு வரிகளும் வேண்டும். முடிந்த பக்கங்களின் அச்சுக் கோப்பில் ஒரு பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. செயலியில் நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள். பக்க வடிவமைப்பாளர் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் பிரிந்து "கொஞ்சினான்" என்பது "கெஞ்சினான்" ஆகிவிடுவதுண்டு. வேறு வகைக் கதை என்றால் வாசகர் பிழையென்று கண்டுபிடித்துவிடுவார். காதல் கதையில் இரண்டுமே பொருந்தித் தொலைக்கும். மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படியை, நீங்களே ஒருமுறை தாளில் பாருங்கள்.

இப்போது பணம். 250 ரூபாய் விலையில் 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 25 ரூபாய். 200 பிரதியும் விற்றாலும் உங்களுக்கு வருவது 5,000. கட்டியது 25,000. எல்லாம் நன்றாக நடந்தாலே 20,000 ரூபாய் நட்டம். அதே 25,000-ஐ நீங்களே ஓர் அச்சகத்தில் கொடுத்து 200 பிரதி அடித்தால் ஒன்றின் அடக்கம் 125. கடைக்காரருக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தாலும் கைக்கு 150 வரும். எல்லாம் விற்றால் 30,000. நேரடியாக வாசகருக்கே அனுப்பினால் இன்னும் அதிகம். விற்காதவை உங்கள் கட்டிலுக்கடியில் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் முதலில் 50 பிரதி போதும். அடக்கம் கூடும், தூக்கம் கெடாது. பணம் கேட்காமல் தன் செலவில் வெளியிட்டு 10 சதவீதம் தரும் பதிப்பகம் வந்தால் அது நியாயமான பேச்சு. முதலும் உங்களுடையது, உரிமையும் எங்களுக்கு என்பதைத்தான் ஏற்க முடியாது.

கட்டிலுக்கடி என்றதும் நினைவுக்கு வருகிறது. மலையில் புத்தகம் சேமிப்பது தனிக் கலை. ஓர் ஐப்பசி மாதம் 150 பிரதிகளை அட்டைப்பெட்டியோடு வீட்டுச் சுவரோரம் அடுக்கி வைத்தேன். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் வாரம் பெட்டியைத் திறந்தால், எல்லாப் புத்தகமும் வாயைப் பிளந்தாற்போல் மேலட்டையைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. அட்டையின் வெளிப்பக்கம் லாமினேஷன் இருப்பதால் ஈரம் ஏறாது. உள்பக்கம் வெறும் தாள், ஈரத்தைக் குடித்து விரிந்துவிடும். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாவிட்டால் அட்டை வளையத்தானே செய்யும்? அடியில் இருந்த வரிசையில் சாம்பல் நிறப் பூஞ்சை வேறு. அன்றிலிருந்து 30 பிரதிக்கு மேல் மலையேற்றுவதில்லை. மீதி மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டில் இருக்கிறது. வீட்டில் வைப்பதைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேலே கனம் வைத்து அடுக்குங்கள். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள். ஏற்கெனவே உள்ள ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

சொந்தமாக வெளியிடுவதென்றால் ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணுக்கு யாருக்கும் பணம் தராதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழி விண்ணப்பத்தின் பேரில் இலவசமாகவே தருகிறது. அச்சு நூலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வெளியிடுபவர் என்ற முறையில் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் 30 நாளுக்குள் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். தபால் செலவைக் கணக்கில் வையுங்கள். பதிவு செய்த புக் போஸ்ட் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. பதிவுத் தபாலும் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. கியான் போஸ்ட் என்ற மலிவான சேவை பாடநூல், பண்பாடு, சமய நூல்களுக்கானது. உங்கள் நாயகன் நாயகியை அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்று நம்பி விலை வைக்காதீர்கள்.

ஊட்டியா கோத்தகிரியா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. மாற்றாதீர்கள். எஸ்டேட் முதலாளி, பனிமூட்டம், கணப்படுப்பு என்று ஊட்டியை எல்லோரும் எழுதிவிட்டோம். நானே ஒன்பது முறை எழுதியிருக்கிறேன். அண்மையில் படிக்க வந்த ஒரு கையெழுத்துப் பிரதியில், நாயகன் நள்ளிரவில் மைசூரிலிருந்து பந்திப்பூர் வழியாகக் காரை விரட்டி விடியுமுன் ஊட்டிக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறான். அந்தக் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணி தொட்டுக் காலை 6 மணிவரை அடைத்திருக்கும். பாவம், சோதனைச் சாவடியிலேயே காதல் முடிந்திருக்கும். உங்கள் கதையில் கோத்தகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் தேயிலைத் தூள் மணக்கும் பையோடு அவள் உட்கார்ந்திருக்கும் இடம் வெளியூர்க்காரரால் எழுத முடியாதது. ஊர்க்காரர்கள் யாரையாவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்றால், கோத்தகிரி என்ற பெயர் நிற்கட்டும். கிராமத்தின் பெயரையும் குடும்பத் தொழிலையும் மாற்றிவிடுங்கள். ஒப்பந்தத்தில் "ஆசிரியரின் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பெயர், களம், முடிவு மாற்றக்கூடாது" என்று ஒரு வரி சேருங்கள். படைப்பைச் சிதைத்து உங்கள் பெயருக்கு ஊறு செய்வதைத் தடுக்கச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனாலும் வழக்காடுவதைவிட ஒரு வரி மலிவு.

டெலிகிராம் பி.டி.எஃபுக்கு வருவோம். குழுவில் போய்ச் சண்டை போடாதீர்கள். இணைப்பு இன்னும் நாலு பேருக்குப் போகும். இணைப்புகள், தேதி தெரியும்படி திரைப்படங்கள் (சினிமா அல்ல, திரையைப் பிடித்த படங்கள்), உங்கள் செயலிப் பக்கத்தில் அத்தியாயங்கள் வெளியான தேதிகள் ஆகியவற்றைச் சேகரியுங்கள். பிறகு டெலிகிராமின் புகார் முகவரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75-ஆம் விதிப்படி, முறையான புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் அதை அணுக முடியாதபடி செய்து, 21 நாள் அப்படியே வைத்திருக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்ப அனுமதிக்கலாம் என்பது அதன் ஓட்டை. 500 ரூபாய் கட்டி நாவலைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யலாம். கட்டாயமில்லை, ஆனால் தகராறு வந்தால் பதிவேடு முதல்நிலைச் சான்றாக நிற்கும். உங்கள் இரண்டாவது கதைக்கு அதைச் செய்யுங்கள்.

கிண்டில் நல்ல யோசனைதான், ஒரு பொறியைத் தவிர. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால், கிண்டிலில் நாமே நூல் வெளியிட உதவும் அமேசானின் கே.டி.பி. தளத்தில் செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். இல்லையேல் 35 சதவீதம். சேர்ந்தால் 90 நாள், அந்தக் கதை மின்வடிவில் வேறெங்கும் இருக்கக்கூடாது. செயலியில் இலவசமாக இருப்பதும் மீறல்தான். மாதிரிக்குப் பத்து சதவீதம் மட்டும் விடலாம். 90 நாள் முடிந்ததும் நீங்கள் நிறுத்தாவிட்டால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அச்சு நூலுக்கு இந்தத் தடை இல்லை. ஆக, செயலியிலிருந்து முதலில் எடுக்க முடியுமா என்று அதன் விதிமுறையைப் படியுங்கள். கட்டணத் தொடராக ஒப்பந்தம் போட்டிருந்தால் அவர்கள் அனுமதி தேவைப்படலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நான்காம் பிரிவைத் திருத்தி, 25,000 ரூபாய் கட்டச் சொல்லும் வாக்கியத்தை அடித்து, ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்புங்கள். பதில் வரும்வரை மூன்றாவது கதையின் கடைசி மூன்று அத்தியாயங்களைச் செயலியில் ஏற்றாதீர்கள். வாசகர்கள் திட்டுவார்கள், திட்டட்டும், அவன் அவளைக் கேட்டானா இல்லையா என்று தெரியாமல் அவர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள்.