நெட்வொர்க்கிங், டெக் சப்போர்ட் சான்றிதழ்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

நான் ஹெல்ப் டெஸ்க்கில் தொடங்கி நெட்வொர்க் பக்கம் வந்தவன். இப்போது புதிதாக ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கும் பக்கத்திலும் உட்காருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, நான் பி.காம். கூகுள் ஐடி சப்போர்ட் சான்றிதழை ஆன்லைனில் முடித்தால் வேலை கிடைக்குமா?

அதை மட்டும் பார்த்து யாரும் கூப்பிட்டு வேலை தரமாட்டார்கள் தம்பி. ஆனால் பி.காம். படித்தவருக்கு நல்ல தொடக்கம். 2018இல் கோர்செரா என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் வந்தது. சப்போர்ட் அடிப்படை, நெட்வொர்க்கிங், ஆபரேட்டிங் சிஸ்டம், சிஸ்டம் அட்மின், செக்யூரிட்டி என்று அடிப்படை எல்லாவற்றையும் தொட்டுவிடும். இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று பெரிய பணம் கட்டும் முன்னால் தெரிந்துவிடும், அதுவே பாதி லாபம்.

கல்லூரி மூலமாக சிஸ்கோ அகாடமி பாடம் முடித்தேன், சான்றிதழும் வந்தது. ரெஸ்யூமேயில் சிசிஎன்ஏ என்று போடலாமா?

கூடாது. நிறைய பேர் சறுக்குவது இங்கேதான். உங்களிடம் இருப்பது பாடத்தை முடித்ததற்கான சான்று. சிசிஎன்ஏ என்பது 200-301 என்ற தேர்வை எழுதித் தேறியவருக்கு, நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் தரும் நெட்வொர்க்கிங் சான்றிதழ்: 120 நிமிடம், கட்டணம் 300 டாலர், வரி தனி, 3 வருடத்தில் காலாவதி. இரண்டையும் குழப்பி எழுதினால் அதைச் சரிபார்க்கும் நாளில் மரியாதை போய்விடும். "சிஸ்கோ அகாடமியில் சிசிஎன்ஏ பாடங்கள் முடித்தேன், தேர்வு இன்னும் எழுதவில்லை" என்று நேராக எழுதுங்கள், நான் அப்படி எழுதியவரைக் கூப்பிடுவேன்.

காம்ப்டியா ஏ பிளஸ்?

டெக் சப்போர்ட் அடிப்படைக்கான சான்றிதழ் அது. இரண்டு தாள், ஒவ்வொன்றும் 90 நிமிடம், இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். அமெரிக்காவில் ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு இதைக் கேட்பார்கள். இங்கேயே வேலை என்றால் அந்தப் பணத்தை சிசிஎன்ஏவுக்கு வையுங்கள்.

சார், பயிற்சிக்கு ரவுட்டர், ஸ்விட்ச் வாங்கணுமா?

வேண்டாம். கம்ப்யூட்டருக்குள்ளேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம், ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் வீடியோவில் காட்டியதை அப்படியே கட்டிவிட்டு மூடிவிடாதீர்கள், கட்டியதை நீங்களே கெடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரை அணைத்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டரில் முகவரியைப் புதிதாகக் கேட்க வைத்துப் பாருங்கள், 169.254 என்று தொடங்கும் எண் வந்திருக்கும். முகவரி கொடுக்க யாரும் பதில் சொல்லாததால் அந்தக் கம்ப்யூட்டர் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். நேர்காணலில் நான் கேட்பது இதைத்தான்: "இன்டர்நெட் வரவில்லை என்கிறார், ஐபி 169.254ல் இருக்கிறது, முதலில் எங்கே பார்ப்பீர்கள்?" கேபிள், ஸ்விட்ச் போர்ட், விலான் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்), அப்புறம் டிஹெச்சிபி என்று வரிசையாகப் போகிறவர் தேறிவிடுவார், "ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வேன்" என்று நிறுத்துகிறவரிடம் எத்தனை சான்றிதழ் இருந்தாலும் அவரை எடுக்க எனக்குக் கை வராது.

ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் பாடம் பயன்படுமா?

தியரிக்கு அருமை. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். அதையும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும் என்பதால் அந்தச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பு உண்டு. ரவுட்டர் கட்டளைகளை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

டம்ப்ஸ், அதாவது வெளியே கசிந்த தேர்வுக் கேள்வி பதில்களைப் படித்து எழுதினால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார்களே?

முடிந்துவிடும், பிடிபட்டால் சான்றிதழும் முடிந்துவிடும். பிடிபடாவிட்டாலும் "ஸ்லாஷ் 26 அளவுள்ள நெட்வொர்க்கில் எத்தனை ஹோஸ்ட், அதாவது எத்தனை கருவிக்கு முகவரி தரலாம்?" என்று கேட்டால் 62 என்ற விடை வரும், ஏன் 64 இல்லை என்றால் முழி பிதுங்கும்.

பக்கத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட், 100 சதவீத பிளேஸ்மென்ட் என்கிறார்கள், சேரலாமா அண்ணா?

போன பேட்சில் படித்த இரண்டு பேரின் நம்பர் கேளுங்கள். கொடுத்தால் அவர்களிடம் பேசிவிட்டு முடிவு பண்ணுங்கள், கொடுக்கத் தயங்கினால் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டணத்தில் சிசிஎன்ஏ தேர்வுப் பணமும் சேர்ந்திருக்கிறதா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.